போயிட்டு வர்றோமுங்க

பூந்தமல்லியைத் தாண்டி, நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால் எங்கள் வில்லாக்கள். பெயர்ப்பலகையில் ஏரி உண்டு. வீடு பார்க்க வந்த அன்று, ஏரி எங்கே என்று கேட்டேன். விற்பனைப் பிரிவுப் பெண் அழகாகச் சிரித்து, பழமையான கோயில் ஊர் பக்கத்திலேயே இருக்கிறது மேடம் என்றாள். ஏரி எங்கள் காலுக்குக் கீழேதான் இருந்தது என்பது குடிவந்த பிறகுதான் தெரிந்தது.

தெரிந்தும் என்ன செய்ய. ஆவடி குவார்ட்டர்ஸில் ஒரே அறையில் எல்லாரும் படுத்து வளர்ந்தவள் நான். கல்யாணத்துக்குப் பிறகு ஐயப்பன்தாங்கலில் வாடகை ஃப்ளாட். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடினால் எங்கள் வீட்டு ஜன்னல் ஆடும். இங்கே மாடிப்படி வீட்டுக்குள்ளேயே இருந்தது. வழுக்கும் இத்தாலி மார்பிள், ஹாலில் பாதிச் சுவரை அடைக்கும் டிவி, எங்கள் ஆறு வயது பவ்யாவுக்குத் தனி அறை. எனக்குப் பெருமை தாங்கவில்லை, மறைப்பானேன்.

என் கணவர் பிரசன்னா கோயம்புத்தூர்க்காரர். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, வாய் மட்டும் இன்னும் ஊரிலேயே இருக்கிறது. பால் பாக்கெட் போடுகிறவர், கேட் வாட்ச்மேன், போனில் ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்று சொல்லும் பதிவுக் குரல், எல்லாருக்கும் அவரிடம் ஒரு ‘ங்க’ உண்டு. தெருநாயைக்கூட “கொஞ்சம் நகருங்க” என்றுதான் விரட்டுவார். நான் கேலி செய்துகொண்டே இருப்பேன். அந்த ‘ங்க’தான் அவளை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தது.

ஒன்பதாம் நம்பர் வில்லாவில் கஜபதி ஐயா இறந்துபோனார். பாடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் வாங்கிக் கொடுத்த வில்லாவில் மனைவி ஜெகதாம்பாளோடு இருந்தார். வாட்ஸ்அப் குழுவில் வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள் வந்தன. கடைசியில் அசோசியேஷன் செயலாளரின் குறிப்பு: இன்று வீடு பார்க்க ஆட்கள் வருவதால் மேளம் வேண்டாம், பின் கேட் வழியாக எடுக்கவும். செத்த மனிதருக்கும் சரக்கு வண்டி போகிற வழி. படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பவ்யாவை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டு நாங்கள் இருவரும் துக்கம் கேட்கப் போனோம். ஹாலின் நடுவே ஐஸ் பெட்டி முனகிக்கொண்டிருந்தது. தலைமாட்டில் ஜெகதாம்பாள் அம்மா. அவருக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு ஒரு பெண். கட்டம் போட்ட பழைய நூல் புடவை. கிழவியா, நடுவயதா, முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. மற்றவர்கள் அழுதார்கள், இல்லையென்றால் அழுகிற மாதிரி இருந்தார்கள். அவள் மட்டும் டிப்போவில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவளைப் போல உட்கார்ந்திருந்தாள். யாரோ தூரத்து உறவு என்று நினைத்தேன்.

இழவு வீட்டில் கிளம்பும்போது சொல்லிக்கொள்ளக் கூடாது. ‘வரேன்’ என்றால் இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடும். சத்தமில்லாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். கோயம்புத்தூரிலும் அதே வழக்கம்தான், இவருக்கும் தெரியும். ஆனால் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார். கை தானாகக் கூப்பிக்கொண்டது. வாயும் தானாகத் திறந்தது.

“அப்ப நாங்க போயிட்டு வர்றோமுங்க.”

ஹாலில் பேச்சு நின்றது. நான் அவர் இடுப்பில் கிள்ளினேன். ஜெகதாம்பாள் அம்மா நிமிர்ந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை.

சுவரோரம் இருந்தவள்தான் பேசினாள்.

“சரி நைனா. நானும் வரேன். எந்த ஊடு?”

“பதினேழுங்க,” என்றார் பிரசன்னா.

வழி முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். யாரென்றே தெரியாதவளிடம் வீட்டு நம்பர் சொல்லுவார்களா என்று கேட்டேன். “பெரியவங்க கேட்டாங்க, சொல்லாம எப்படி சௌம்யா?” என்றார். வெளிக் குழாயில் காலைக் கழுவி, தலைக்கு ஊற்றிக்கொண்டு, இரண்டு பேரும் அதை மறந்துவிட்டோம்.

அன்று விளக்கு வைக்கிற நேரம். பூஜை அறையில் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தேன். எண்ணெய் வாசனையை மீறி இன்னொரு வாசனை வந்தது. தண்ணீர் வற்றிய ஏரியில் வெயில் பட்டால் வருமே, அந்தச் சேற்று வாசனை. சமையலறைக் குழாய்தான் அடைத்துக்கொண்டது என்று எழுந்தேன்.

ஹாலிலிருந்து பவ்யா கூப்பிட்டாள்.

“மா, இந்த ஆயாவுக்குத் தண்ணி வேணுமாம்.”

“எந்த ஆயாடி?”

அவள் சுவரைக் காட்டினாள். அங்கே யாரும் இல்லை. வெள்ளைச் சுவர், அவ்வளவுதான். குழந்தைக்கு விளையாட்டு என்று சிரித்துக்கொண்டே திரும்பினேன். எதிரே அணைந்திருந்த டிவி. அந்தக் கறுப்புக் கண்ணாடியில் முழு ஹாலும் தெரிந்தது. நானும் பவ்யாவும் நின்றுகொண்டிருந்தோம்.

எங்களுக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு அவள்.

திரும்பினேன். வெறும் சுவர்.

மறுபடி டிவி. அவள் தலையைச் சற்றுச் சாய்த்து என்னைப் பார்த்தாள்.

பவ்யாவை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். பிரசன்னா ஆபீஸிலிருந்து வரும்வரை புல்தரையிலேயே நின்றேன். வந்ததும், உனக்குக் காலையிலிருந்து அதே நினைப்பு என்று தோளைத் தட்டிவிட்டு உள்ளே போனார். நான் சொன்ன இடத்தில் நின்று டிவியைப் பார்த்தார். பழக்கத்தில் “வாங்க” என்று வாயெடுத்தவர், சொல் வெளியே வருமுன் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அவள் ஒன்றும் செய்யவில்லை. அதுதான் பயமாக இருந்தது. பாத்திரத்தை உருட்டவில்லை, கதவைத் தட்டவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். மறுநாள் அந்தி வேளையில் டிவியில் பார்த்தபோது சுவரோரம் காலியாக இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன்.

மாடிப்படியின் அடியில் இருந்தாள்.

அடுத்த நாள் டிவியில் அவள் தெரியவே இல்லை. சேற்று வாசனை மட்டும் மாடியிலிருந்து இறங்கி வந்தது. நான் பவ்யாவின் அறைக்குப் போனேன். கதவுக்கு வெளியே மார்பிளில் ஈரம், உட்கார்ந்து எழுந்த அளவுக்கு.

அன்றைக்கே பவ்யாவுக்குக் காய்ச்சல் கண்டது. குமணன்சாவடி டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, வைரல் என்றார். மருந்து கொடுத்தும் ஒரு வாரமாக உடம்பு அனலாய்க் கொதித்தது. எங்கள் படுக்கையில் போட்டுக்கொண்டோம். வாசனை எங்கள் அறை வாசலுக்கு வந்தது. அவள் எதற்காகக் காத்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளை முதலில் பார்த்ததே சாவு வீட்டில்தான். குழந்தையை இவரிடம் விட்டுவிட்டு ஒன்பதாம் நம்பருக்கு ஓடினேன்.

ஜெகதாம்பாள் அம்மா காபி குடித்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்குமுன்னே கேட்டார்.

“எங்க குந்தினுகீறா?”

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாம இன்னா. பாடில அவரு சிநேகிதர் ஒருத்தர் பூட்டாரு. போனவரு, வரேம்பான்னு கையாட்டிட்டு வந்தாரு. மறுநாளே ஹால்ல வந்து குந்திக்கினா. அப்பால படி. அப்பால ரூமு. கடைசில கட்டிலாண்ட.”

“அன்னைக்கு அவர் சொன்னப்பவே எங்களைத் தடுத்திருக்கலாமேம்மா.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “தடுத்தா எங்கூட்லயே இருந்திருப்பா. அடுத்து நானு, இல்லாங்காட்டி எம்புள்ள. உன் ஊட்டுக்காரரு அத்தச் சொன்னப்ப எனக்கு நிம்மதியா இருந்துச்சு. பொய் சொல்லமாட்டேன் கண்ணு.”

அவர் மேல் வந்த ஆத்திரத்தில் எனக்கு அழுகைதான் வந்தது. அவரும் அழுதார். ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. நாளை காரியம், எல்லா வில்லாவுக்கும் சொல்லியிருக்கிறோம், நீங்களும் வாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பிரசன்னாவிடம் சொன்னேன். அவர் பவ்யாவின் நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“போயிட்டு வர்றோம்னு சொன்னோம். போனோம். இன்னும் வரலையே சௌம்யா. அந்த வீட்டுக்குத் திரும்பப் போயிட்டா சொன்ன சொல்லு முடிஞ்சிரும். அவங்களை அங்கயே விட்டுட்டு, இந்தத் தடவை ஒண்ணும் சொல்லாம வந்துரலாம்.”

அந்த அம்மாவிடம் விட்டுவிட்டு வருவதா என்று நான் கேட்கவில்லை. காய்ச்சலில் பிதற்றும் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாருக்குத்தான் கேட்கத் தோன்றும்?

மறுநாள் என் தங்கை கிருஷ்ணப்பிரியாவை ஆவடியிலிருந்து வரவழைத்து, பவ்யாவோடு இருக்கச் சொன்னோம். கிளம்பும்போது சேற்று வாசனை எங்கள் கூடவே படியிறங்கியது. தெருவில் நடக்கும்போதும் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நான் திரும்பவில்லை. பிரசன்னா என் கையை இறுகப் பிடித்திருந்தார், அவர் உள்ளங்கை நனைந்திருந்தது.

கஜபதி ஐயாவின் படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். அதே சுவரோரம் போய் உட்கார்ந்தோம். பிரசன்னா காலியான இடத்தைப் பார்த்துக் கிசுகிசுத்தார்.

“சொன்ன மாதிரி வந்துட்டோமுங்க.”

இலையில் உட்கார்ந்தோம். எதுவும் இறங்கவில்லை. கைகழுவி, யார் முகத்தையும் பார்க்காமல் வாசலுக்கு வந்தோம். இவர் உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு நடந்தார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெருவில் பாதி தூரம் வந்த பிறகுதான் கவனித்தேன். வாசனை இல்லை.

வீட்டில் பவ்யா உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நெற்றி ஜில்லென்று இருந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிரசன்னா டிவியைக் கழற்றி, மொட்டைமாடி அறையில் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டார். இனிமேல் அந்தக் கண்ணாடியைப் பார்க்கிற தைரியம் எங்கள் இருவருக்கும் இல்லை.

அதற்குப் பிறகு நன்றாகத்தான் இருந்தோம். பவ்யா ஸ்கூலுக்குப் போனாள், வந்தாள். கொஞ்சம் அமைதியாகிவிட்டாள், அவ்வளவுதான். காய்ச்சலில் விழுந்த பிள்ளை தேற நாளாகும் என்று கிருஷ்ணப்பிரியாவும் சொன்னாள். எனக்கு உறுத்தியதெல்லாம் ஒன்பதாம் நம்பர்தான். அந்த வீட்டைத் தாண்டிப் போகும்போது தலையைக் குனிந்துகொள்வேன்.

இன்று சாயங்காலம் அந்த வாசலில் கார் நின்றது. ஜெகதாம்பாள் அம்மா வீட்டைப் பூட்டிவிட்டு மகனோடு பாடிக்குப் போகிறார். ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் முகம் தெளிவாக இருந்தது, கன்னம்கூடச் சற்று உப்பியிருந்தது. எனக்குப் புரியவில்லை. குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

“அவ... உங்களை ஒண்ணும் பண்ணலையாம்மா?”

“எவ?”

“அன்னைக்குக் காரியத்துல உங்க வீட்லதான் விட்டுட்டு வந்தோம். என்னை மன்னிச்சிருங்கம்மா. குழந்தைக்காகத்தான்.”

அவர் என்னையே பார்த்தார். கை மெல்ல என் பிடியிலிருந்து விலகியது.

“எங்கூட்ல யாரும் இல்லியே கண்ணு. அன்னிக்கு நீங்க எழுந்து போறத நான் பாத்துக்கினுதான இருந்தேன். மூணு பேரா போனீங்க. அவ உங்களுக்கு முன்னாடி போயிகினு இருந்தா.”

முன்னாடி.

எங்களுக்கு முன்பே வீட்டுக்குப் போய்விட்டாள்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. வாசல் கதவு சாத்தியிருந்தது. கைரேகைப் பூட்டில் விரல் பதியவே மாட்டேன் என்றது. உள்ளே விளக்கு போடவில்லை, பொழுது சாய்ந்த வெளிச்சம் மட்டும். நீள சோபாவின் ஒரே ஓரத்தில், விழுந்துவிடுவது போல ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து பவ்யா படத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் சோபா காலியாக இருந்தது.

மெத்தை மட்டும் அமுங்கியிருந்தது.

“பவ்யா, எழுந்து அம்மாகிட்ட வா.”

“இரும்மா. இதை முடிச்சுட்டு.”

“பக்கத்துல யாருடா?”

அவள் தலை நிமிரவில்லை. “உனக்குப் பிடிக்கலைன்னு எனக்குத் தெரியும். அதான் சொல்லலை. நீங்க எப்ப போவீங்கன்னு நானே ஆயாகிட்ட கேட்டேன்மா.”

“என்ன சொன்னாங்க?”

“தனியா போமாட்டாங்களாம். சேந்து போலாம்னாங்க.”

நான் அவளை நோக்கி நடந்தேன். அமுங்கியிருந்த மெத்தை மெல்ல உப்பி எழுந்தது, உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்ற மாதிரி.

பவ்யா கிரேயான்களை டப்பாவில் போட்டு மூடினாள். சோபாவை விட்டு இறங்கி, ஒரு கையைத் தூக்கிப் பக்கத்தில் நீட்டிக்கொண்டு, காலால் செருப்பைத் துழாவினாள்.