ஈயம் தேடும் நூல்

அன்று மத்தியானம் பேட்டரிக்காரரின் கொட்டகையில், மூலையில் அடுக்கியிருந்த ஈயத் தகடுகளின் மேல் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. பூஞ்சை ரொட்டியில் வரும், செருப்பில் வரும். ஈயத்தில் வந்து அவர் பார்த்ததில்லை. தொட்டார். பஞ்சாக இருக்கும் என்று நினைத்தது ஊசியாகக் குத்தியது.

அவருடைய மச்சான், மனைவியின் தம்பி, காணாமல் போய் முப்பத்தெட்டு நாள். ஓடிப்போய்விட்டான் என்பதில் தெரு ஒருமனதாக இருந்தது. எவளோடு என்பதில்தான் தகராறு. பெயர் அடிபட்ட இரண்டு பெண்களும், தாங்கள் எங்கும் போகவில்லை என்று காட்டுவதற்காகவே அடிக்கடி வாசலில் வந்து நின்றார்கள்.

மச்சானும் எங்கும் போகவில்லை. பேட்டரி உடைக்கும் கல்லுக்கு அடியில்தான் கிடந்தான். அமிலக் கழிவை மண்ணில் ஊற்றுவதை மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு எழுதிப் போட்டுவிட்டேன் என்று அவன் சொன்னபோது, இவர் கையில் சுத்தியல் இருந்தது. ஒரு பேட்டரிக்கு இரண்டு அடி போதும். மச்சானுக்கு ஐந்து தேவைப்பட்டது. மூன்றாவதில் மண்டை பிளந்த பிறகும் அவன் "மாமா, மாமா" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

எழுதிப் போட்டதற்குப் பலன், மண் சோதிக்கும் அம்மாள் ஒருத்தி மூட்டையோடு வந்து இறங்கினாள். மூட்டையில் பூஞ்சை பிடித்த தானியம். இடம் முழுக்கத் தூவச் சொன்னாள்.

"இந்தப் பூஞ்சை நூல் மண்ணுக்குள்ள ஈயத்தைத் தேடித் தேடிப் போகும், ஐயா. புடிச்சதைக் கல்லா மாத்திடும். பொடிப்பொடியா, பச்சைப் படிகம். அப்புறம் அது தண்ணில கரையாது."

வேகமாக வேலை செய்ய வழியுண்டா என்று இவர் அக்கறையாக விசாரித்தார்.

"எலும்புத்தூள் கலந்தா நல்லாப் புடிக்கும்" என்றாள்.

பத்து வருஷம் ஈயப்புகை குடித்த மச்சானுக்கு எலும்பெல்லாம் ஈயம்தானே. தின்று தீர்க்கட்டும் என்று, அம்மாள் போனதும் முழு மூட்டையையும் அந்த ஒரே இடத்தில் கொட்டினார். மாற்றும் என்றதைக் காதில் வாங்கியவர், கரையாது என்றதைக் கோட்டை விட்டார்.

நாளைக்கு அவள் ஆளோடு வருகிறாள். இடம் முழுக்க ஆள் உயரத்துக்குத் தோண்டிப் பார்ப்பாளாம். மனைவியோ தம்பியைப் பற்றி விசாரிக்கக் காவல் நிலையம் போயிருந்தாள். மிச்சம் மீதியை அள்ளிவிட இதைவிட்டால் நேரமில்லை.

கல்லைப் புரட்டினார். நனைந்த மரத்தின் வாடை, அதன் அடியில் அமிலத்தின் எரிச்சல், எங்கோ மிக மெல்லிய, பல்லால் கண்ணாடியைக் கடிப்பது போன்ற நறநறப்பு. மண்வெட்டியை இறக்கினார். கணீர் என்றது.

மண்ணை விலக்கினார்.

மச்சான் குறையவில்லை. வளர்ந்திருந்தான். விலா விலாவாகப் பச்சை ஊசிகள், இடையிடையே வெள்ளை நூல், பிளந்த மண்டைக்குள் கொத்தாகப் படிகம்.

சுத்தியலை எடுத்து அடித்தார். மார்பு சிதறியது. சில்லுகள் உள்ளங்கையைத் துளைத்தன, கன்னத்தைக் கிழித்தன. அடித்தார். ரத்தம் சொட்டிய இடமெல்லாம் நூல்கள் எழுந்தன. காயத்துக்குள் நுழைந்தன. இருபது வருஷ ஈயம் அவர் எலும்பிலும் இருந்தது.

கையை இழுத்தார். வரவில்லை. மணிக்கட்டின் தோல் பிளந்து ஒரு பச்சை முனை எட்டிப் பார்த்தது. இன்னொன்று. குழிக்குள் குப்புற விழுந்தார். முகத்தோடு முகம். ஈறு கிழிந்தது. ஒவ்வொரு பல்லுக்குப் பின்னும் ஓர் ஊசி.

கேட் திறந்தது.

"என்னங்க? தம்பி வந்தானா?"

இல்லை என்று சொல்ல வேண்டும். உள்ளே வராதே என்று சொல்ல வேண்டும். தாடை அசையவில்லை.

அவருக்குக் கீழே இருந்த தாடை அசைந்தது. படிகம் நொறுங்கி, மெதுவாக, திறந்தது.

"அக்கா."

அவள் ஓடி வந்தாள். இருபது வருஷமாகப் புருஷனோடு உட்கார்ந்து ஈயத் தகடு பிரித்தவள். செருப்புச் சத்தம் நெருங்க நெருங்க, குழியின் விளிம்பில் இருந்த வெள்ளை நூல்கள் அத்தனையும் நிமிர்ந்து, ஒன்றுபோல அந்தப் பக்கம் திரும்பின.