வாய் இருந்த இடம்

மாலைத் தேநீரை உறிஞ்சியபோது சூடே தெரியவில்லை. இன்னொரு வாய் குடித்துப் பார்த்தாள். ஆவி மூக்கில் ஏறியது. கீழுதடு மட்டும் யாருடையதோ போலக் கிடந்தது.

அருங்காட்சியகத்தின் பின்னறையில், காய்ந்த பூரான், நண்டு, ஈ இவற்றின் உதிர்ந்த கால்களை ஒட்டுவது அவள் வேலை. எல்லோருக்கும் அவள் ‘பசையக்கா’. தூரிகை முனை பிரிந்தால் நாக்கில் வைத்துக் கூராக்கிக்கொள்வாள். எத்தனை பேர் திட்டியும் அந்தப் பழக்கம் விடவில்லை. இன்று ஆய்வாளர் கொண்டுவந்த ஈக்கு, வாய் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கால்கள் இருந்தன.

"யாராவது தப்பா ஒட்டிட்டாங்களா சார்?"

"இல்லக்கா, பொறந்ததே அப்படித்தான். ஆதியில இதுங்களுக்கு உடம்பு பூரா ஒரே மாதிரி கட்டம், கட்டத்துக்கு ஒரு ஜோடி காலு. முன்னாடி இருந்த காலுதான் போகப் போக வாயா மாறிச்சு. எங்கயாவது பிசகினா பழையபடி காலாயிடும்."

"நல்லவேளை, நான் ஈயாப் பொறக்கல" என்று சிரித்தபடி தூரிகையை நாக்கில் வைத்தாள். அந்த ஈயைத் தொட்ட தூரிகை.

இப்போது வீட்டில் பாத்திரச் சத்தம், சோப்பு வாடை, எங்கோ குழாய் சொட்டும் ஒலி; அதற்கும் அடியில், காய்ந்த இலையை எறும்பு இழுப்பது போல ஒரு சின்னச் சரசரப்பு, அவள் தலையைத் திருப்பிய பக்கமெல்லாம் கூடவே வந்தது.

"என்ன அதிசயம், இன்னைக்கு வாயே திறக்கல?" என்றான் கணவன், தட்டைத் துடைத்துக்கொண்டே.

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். காலையில் டாக்டரிடம் போகலாம். பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. பயமும் மரத்துப் போயிருந்தது.

குழாயை இறுக்கி மூடினாள். சொட்டு நின்றது.

சரசரப்பு நிற்கவில்லை.

"அம்மா, முத்தம்!" உள்ளறையிலிருந்து மகளின் குரல். அது கிடைக்காமல் ஒருநாளும் தூங்கமாட்டாள்.

இருட்டு. சின்னக் கட்டில். மூடிய கண்கள், நீட்டிய கன்னம். கையில் பூச்சிகளைப் பதப்படுத்தும் மருந்து வாடை இருக்குமோ என்று குழந்தையைத் தொடாமல், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். உதடு கன்னத்தில் பட்டதா? தெரியவில்லை. இன்னும் குனிந்தாள்.

மகள் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள்.

"கூசுதும்மா. கன்னத்துல விரலால நடக்காத."

அவள் தன் விரல்களைப் பார்த்தாள். பத்தும் கட்டில் கம்பியை இறுகப் பிடித்திருந்தன.