தட்டிப் பார்க்கிறது

மூன்று மணிக்கு வாசல் பக்கம் டிபன் கேரியர் குலுங்கும் சத்தம் கேட்டது. மேல் கிண்ணத்தின் கொக்கி லொடலொடத்துப் போனதால் அந்தக் கேரியருக்கென்றே ஒரு சத்தம் உண்டு. இரண்டு முறை கிணுங்கும், பிறகு தட்டென்று ஓயும். அனுசியா பேனாவை வைத்துவிட்டு எழுந்தாள். பாதித் தூரம் போன பிறகுதான், மதியச் சோறு ஒரு மணிக்கே வந்து தான் சாப்பிட்டும் ஆகிவிட்டது, கேரியரை, சோறு கொண்டுவரும் முத்துவடிவு அக்கா கையோடு கழுவி அடுப்படி மேடையில் கவிழ்த்துவிட்டுப் போனாள் என்பதெல்லாம் நினைவுக்கு வந்தது.

இருந்தாலும் கதவைத் திறந்தாள். யாருமில்லை. கிராம்பு மரங்களுக்கு நடுவே இறங்கும் தடம் மழையில் புகைபோல மங்கிக் கிடந்தது. தாழ்வாரத்துச் சிமெண்டுத் தரையில் சாரல் படாத இடம் காய்ந்தே இருந்தது. ஈரச் செருப்புத் தடம் ஒன்றுகூட இல்லை. கோழி இறகை நனைத்து நெருப்பில் வாட்டியதுபோல ஒரு வாடை மட்டும் லேசாக நின்றிருந்தது.

அடுப்படிக்குப் போய்ப் பார்த்தாள். கேரியர் கவிழ்த்த இடத்திலேயே இருந்தது.

குற்றாலத்தில் ஐந்தருவிக்கு மேலே, மலைச்சரிவில் தனியாக நிற்கும் வீடு அது. சொந்தக்காரர்கள் சீசனுக்கு மட்டும் வருவார்கள். ஐப்பசி மழையில் அருவியில் வெள்ளம் ஏறி, குளிக்கத் தடை போட்டு, கடைக்காரர்கள்கூடத் தட்டியைச் சாத்திவிட்டுப் போன நாட்களில் அங்கே ஆள் நடமாட்டமே இருக்காது. அதனால்தான் சும்மாவே தங்கிக்கொள்ளச் சொல்லிச் சாவியைக் கொடுத்திருந்தார்கள். அனுசியா தென்காசியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறாள், ஊர் ஆலங்குளம். இரண்டு வருடமாக இந்த மலையடிவாரத்துச் சிலந்திகளைப் பட்டியல் எடுக்கிறாள். இந்த மாவட்டத்தில் இதுவரை யாரும் எழுதிவைக்காத இனங்கள் மட்டும் நாற்பத்தாறு. ஒவ்வொன்றும் ஸ்பிரிட் ஊற்றிய குப்பியில், பிடித்த இடமும் தேதியும் எழுதிய சீட்டோடு மேசையில் வரிசையாக இருந்தது. நாற்பத்தேழாவது, நேற்றுத்தான் கொல்லைச் சுவரில் கிடைத்தது.

"அண்ணே, கொல்லைப் பக்கம் வாங்க, ஒண்ணு காட்டுதேன்" என்று அவள்தான் கத்தினாள். யாசர் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். தென்காசியில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுக்கிறவர், வயது நாற்பதைத் தாண்டிவிட்டது; பூச்சிப் படம் எடுப்பது அவருக்குப் பைத்தியம். இந்தப் பட்டியலில் இருக்கும் படமெல்லாம் அவர் எடுத்தவை.

சுவர் மூலையில் நெட்டைக்கால் சிலந்தி ஒன்று வலை கட்டியிருந்தது. அந்த வலையின் ஓரத்தில், காய்ந்த சருகுத் துணுக்குப்போல, இன்னொன்று உட்கார்ந்திருந்தது. வலை கட்டாமல் அடுத்த சிலந்தியின் வலைக்குப் போய் அதையே தின்கிற குதிக்கும் சிலந்தி. அது முன்னங்காலால் ஒரு இழையை ஒருமுறை தட்டியது. வலைக்காரி அசையவில்லை. இரண்டு முறை தட்டியது. அசையவில்லை. இழையை மெல்ல இழுத்து விட்டது, வேகமாகச் சுண்டியது, நிறுத்தி நிறுத்தி ஆட்டியது. ஏதோ ஒரு ஆட்டத்துக்கு வலைக்காரி ஒரு காலை மட்டும் திருப்பினாள். அதன்பிறகு அது வேறு எதையும் செய்யவில்லை. அந்த ஒரே ஆட்டம். திரும்பத் திரும்ப.

"எதுக்கு வருதுன்னு தட்டித் தட்டிப் பாக்குது, டீச்சர்" என்றார் யாசர், கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல்.

"ஆமாண்ணே. பூச்சி மாட்டுன மாதிரி ஆட்டுது. எந்த ஆட்டத்துக்கு அசையுதோ அதையே பிடிச்சிக்கிடும்."

நாற்பது நிமிடம் ஆயிற்று. வலைக்காரி தானாகவே நடந்து வந்தாள். கடைசியில் யாசர் கேமராவைத் தாழ்த்தி, "எனக்கு ஒரு மாதிரி இருக்கு டீச்சர்" என்று மட்டும் சொன்னார். இன்று காலை, ஸ்பிரிட் தீர்ந்ததால் வாங்கிவர பைக்கில் தென்காசிக்கு இறங்கினார்.

அனுசியா திரும்ப மேசைக்கு வந்தாள். கரண்டு பதினொரு மணிக்கே போய்விட்டது. பகல்தான், ஆனாலும் மேகம் கூரையில் வந்து உட்கார்ந்ததுபோல அறையெல்லாம் சாம்பல் வெளிச்சம். கீழே அருவி இரைந்துகொண்டே இருந்தது.

கொல்லைப் பக்கம் ஒரு ஹாரன் சத்தம். அங்கே வண்டி வர வழியில்லை. அவள் தலை நிமிர்த்தினாள், எழுந்திருக்கவில்லை. சற்று நேரம் கழித்து, சுவரில் விரலால் கொட்டினதுபோல மூன்று தட்டு. பிறகு அவளுடைய அலைபேசி அடிக்கும் அதே இசை, ஓட்டுக் கூரையின் விளிம்புக்கு வெளியே. அலைபேசி அவள் முன்னால் மேசையில் ஊமையாகக் கிடந்தது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு வாசலில் கேரியர் கிணுங்கியது.

யோசிக்கும் முன்பே அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டாள். அதன் கால் தரையில் கிரீச்சென்று இழுபட்டது. அடுத்த நொடியே மறுபடியும் கிணுங்கியது. மறுபடியும். ஹாரன் வரவில்லை, தட்டு வரவில்லை. கேரியர் மட்டும். இரண்டு கிணுங்கல், ஒரு தட்டு. ஒரே இடைவெளியில்.

அனுசியா நின்ற இடத்திலேயே நின்றாள்.

அலைபேசியில் ஒரு கோடு சிக்னல் இருந்தது. முத்துவடிவைக் கூப்பிட்டாள்.

"நான் இலத்தூர்ல மவ வீட்டுக்கு வந்துட்டேன், டீச்சரம்மா. ரெண்டு மணி பஸ்ஸப் பிடிச்சேம்லா" என்றாள் அவள். பின்னால் குழந்தைகள் கூச்சலிட்டன. "ஆமா, எதுக்குப் பெறவு என்னையக் கூப்பிட்டீய?"

"நான் எப்பக்கா கூப்பிட்டேன்?"

"நான் எறங்கிப் போவும்போது. மரத்துக்குள்ள நின்னு 'அக்கா, அக்கா'ன்னு கூப்பிட்டியளே. உங்க கொரல் எனக்குத் தெரியாதா? திரும்பிப் பாத்தேன், ஆளக் காணும். பஸ்ஸு போயிருமேன்னு நிக்காம வந்துட்டேன். கோவிச்சிக்கிடாதீய."

அனுசியா வாசல் கதவின் தாழைப் பார்த்தாள். "இல்லக்கா" என்றாள். "நீங்க நிக்காம போனதே நல்லதுக்கா." மறுமுனையில் என்ன புரிந்ததோ, சிக்னல் போய்விட்டது.

வாசல் கதவை மேல் தாழும் கீழ் தாழும் போட்டாள். அடுப்படிக் கதவுக்குக் குறுக்குக் கட்டை. ஜன்னல்கள். ஒவ்வொன்றையும் சத்தம் வராமல் சாத்த வேண்டியிருந்தது; பழைய மரம், ஒவ்வொன்றும் முனகியது. அவள் எங்கே நடந்தாளோ அதற்கு நேராக வெளியே ஏதோ ஒன்று சுவரை உரசிக்கொண்டு கூடவே வந்தது. பாரமில்லாத உரசல். துடைப்பத்தால் சுவரைத் தடவினதுபோல.

யாசரைக் கூப்பிட்டாள். மூன்றாவது முயற்சியில் கிடைத்தார்.

"மேலகரம் தாண்டிட்டேன், டீச்சர். அரை மணி நேரத்துல..."

"அண்ணே, கேளுங்க, நீங்க இங்க..."

அறுந்துவிட்டது. பிறகு எத்தனை முறை அழுத்தியும் ஒன்றும் இல்லை.

அவள் நாற்காலியில் ஏறி இரண்டு காலையும் மேலே தூக்கி வைத்துக்கொண்டாள். நேற்றுப் பார்த்ததை எல்லாம் மனம் தானாக ஓட்டிக்காட்டியது. அசையாமல் இருந்தால் போய்விடுமா? சில சமயம் போய்விடும். சில சமயம் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும். புத்தகத்தில் படித்து அவளே அப்படிக் குறித்து வைத்திருக்கிறாள்.

"டீச்சரம்மா, சோறு ஆறிப்போவுது. எந்திரிங்க."

முத்துவடிவின் குரல். மதியம் சொன்ன அதே வார்த்தை, சொல்லி முடித்ததும் வந்த அதே இருமல். வாசலில்.

"டீச்சரம்மா, சோறு ஆறிப்போவுது. எந்திரிங்க."

இப்போது மேற்கு ஜன்னலில். அந்த ஜன்னலுக்கு வெளியே மூன்று ஆள் ஆழத்துக்கு ஓடை. நிற்க இடமில்லை.

அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். இருமல் ஓட்டின்மேல் கேட்டது. ஓடுகள் ஒவ்வொன்றாக, மிகமிக மெதுவாக, எதன் கனத்துக்கோ அமுங்கின. ஒன்று. இரண்டு. எட்டு இடத்தில் ஒரே சமயத்தில்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ. வெளிச்சம் இன்னும் ஒரு படி மங்கியது. கால் மரத்தது. அப்போது கீழே தடத்தில் பைக் உறுமி நின்றது. ஸ்டாண்டு போடும் சத்தம். கதவு தட்டப்பட்டது.

"டீச்சர், கதவத் தெறங்க. நனைஞ்சிட்டேன்."

நேற்றும் இதே வார்த்தைதான் சொன்னார். அனுசியா அசையவில்லை. கண்ணீர் மட்டும் தானாக வழிந்தது.

"டீச்சர்? உள்ளதான இருக்கீங்க?"

அசையவில்லை.

"தூங்கிட்டீங்களா? ஸ்பிரிட்டு வாங்கிட்டேன். பெறவு, சஃப்ரின் உங்களுக்குன்னு ஒரு எட்டுக்கால் பூச்சி வரஞ்சி குடுத்துவிட்டிருக்கா. ஒம்பது காலு போட்டிருக்கா கழுத. எண்ணிப் பாரும்மான்னா, டீச்சர் புதுசுதானே தேடுதாங்கன்னு சொல்லுதா."

அவர் சிரித்தார். இந்த வீட்டில் இதுவரை யாரும் சொல்லாத வார்த்தைகள். இந்த மலையில் எதுவும் கேட்டிருக்க முடியாத வார்த்தைகள். அவருடைய மகள் சொன்னது. இது யாசர்தான்.

அனுசியா நாற்காலியிலிருந்து குதித்தாள். மரத்த கால் மடங்க, சுவரைப் பிடித்து, கதவுக்கு ஓடினாள். மேல் தாழ் விலகியது. கீழ் தாழ் மழையில் ஊறிப் பிடித்துக்கொண்டது. இரண்டு கையாலும் இழுத்தாள்.

"அண்ணே, கொல்லைப் பக்கம் வாங்க, ஒண்ணு காட்டுதேன்."

அவளுடைய குரல். வீட்டுக்குப் பின்னாலிருந்து. சந்தோஷமாக.

"அங்கனயா நிக்கீங்க?" என்றார் யாசர். "மழைல என்ன டீச்சர் இது."

"போவாதீங்கண்ணே! நான் உள்ள இருக்கேன்!"

"போவாதீங்கண்ணே! நான் உள்ள இருக்கேன்!" என்றது கொல்லையிலிருந்து, ஒரு மூச்சுகூடப் பிந்தாமல்.

யாசரின் செருப்பு ஒரு நொடி நின்றது. "என்ன, எதிரொலிக்குதா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார். பிறகு செருப்புச் சத்தம் தாழ்வாரத்தை விட்டு இறங்கி, சுவரோரமாகச் சேற்றில் சளப் சளப்பென்று பின்பக்கம் போனது.

கீழ் தாழ் விலகிவிட்டது. கதவைத் தள்ளினால் போதும். ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கலாம். பத்தடி தூரம். அனுசியாவின் உள்ளங்கை கதவில்தான் இருந்தது. அது தள்ளவில்லை. அவள் தள்ளச் சொன்னாள், அது தள்ளவில்லை. சளப் சத்தம் மூலை திரும்புகிற வரைக்கும் அப்படியே நின்றாள்.

"டீச்..." என்று ஒரு பாதி வார்த்தை.

அப்புறம் அருவியின் இரைச்சல் மட்டும்.

தாழைத் திரும்பப் போட்டாள். அதை எப்போது போட்டாள் என்று அவளுக்குத் தெரியாது. அடுப்படி ஜன்னலுக்கு நடந்தாள். பலகை இடுக்கில் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம். கண்ணை வைத்தாள்.

கொல்லையின் கடைசியில், மரங்கள் தொடங்கும் இடத்தில், யாசர் இந்தப் பக்கம் பார்த்து நின்றுகொண்டிருந்தார். மழைக்கோட்டோடு. கேமராப் பை தோளில். அவளுக்கு ஒரு நொடி உயிர் வந்தது. பிறகு செருப்பைப் பார்த்தாள். செருப்பின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. சொட்டு கீழே விழ ஒரு முழத் தூரம் இருந்தது.

அவர் தலைக்கு மேலே கிளைகள் அடர்ந்து கறுத்துக் கிடந்தன. அதில் எது கிளை என்று தெரியவில்லை.

"சஃப்ரின் உங்களுக்குன்னு ஒரு எட்டுக்கால் பூச்சி வரஞ்சி குடுத்துவிட்டிருக்கா."

யாசரின் குரல். வாய் மூடியே இருந்தது. குரல் மேலே இருந்து வந்தது.

அனுசியா அசையவில்லை.

அவருடைய வலது கை மெல்ல உயர்ந்தது, முழங்கையில் மடங்கி, கூப்பிடுவதுபோல. ஒருமுறை. நின்றது. காத்திருந்தது. இரண்டு கையும் உயர்ந்தன. காத்திருந்தது. உடம்பு முழுக்க லேசாகக் குலுங்கியது, சிரிக்கிறவரைப்போல. காத்திருந்தது. பிறகு தலை, மிக மெதுவாக, இடப்பக்கம் சாய்ந்தது. கேமராவுக்குள் கண்ணை வைக்கும்போது அவர் எப்போதும் சாய்ப்பாரே, அப்படி.

அவளுக்கு அழுகை முட்டியது. ஒரு விம்மல். ஒன்றே ஒன்று. பலகை லேசாக அதிர்ந்தது.

தலை நேரானது. மறுபடியும் இடப்பக்கம் சாய்ந்தது. நேரானது. சாய்ந்தது. இப்போது கை உயரவில்லை, உடம்பு குலுங்கவில்லை. அந்த ஒரே சாய்வு. திரும்பத் திரும்ப. ஒவ்வொரு சாய்வுக்கும் அவர் கால்கள் ஜன்னலை நோக்கி ஒரு சாண் அளவு மிதந்து வந்தன.