ஆசீர்வாதம் சொல்லாத கூட்டம்

நாங்கள் அந்த ஊரில் போய் இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். லாரிக்காரர் எங்கள் இரண்டு பெட்டிகளையும் வாசலில் இறக்கினார். ஜெபக்கூடத்தைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார், வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்த மனிதர், போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

கூடத்தின் பக்கச் சுவரை ஒட்டியே எங்கள் வீடு. ஓர் அறை, ஒரு சமையலறை, கூடத்துக்குள் திறக்கும் ஒரு கதவு. ஊரின் கிழக்கே கல்குவாரி. எதைத் தொட்டாலும் விரலில் வெள்ளையாகத் தூசி ஒட்டியது.

"அஞ்சு வருஷம் சாக்பீஸ் தூசியில நின்னவதானே, டீச்சரம்மாவுக்குப் பழகின ஊருதான்," என்று அவர் சிரித்தார்.

அவருக்கு அப்போது இருபத்தேழு வயது. மிஷனரியாகத் தனிப் பொறுப்பில் வந்த முதல் ஊர். எங்கள் வீட்டிலிருந்து ஒரு ராத்திரி ரயில், அரை நாள் பஸ். பேசத் தொடங்கும் முன் இரண்டு முறை கனைப்பது அவர் வழக்கம், சாப்பாடு போடச் சொல்வதற்குக்கூட.

"பிரசங்கமா, சாப்பாடா?" என்று கேட்பேன்.

"ரெண்டுக்கும் தொண்டை ஒண்ணுதானே," என்பார்.

எங்களுக்கு முன் அங்கே இருந்த பெரியவர் பக்கவாதத்தில் விழுந்து, பேச்சும் போய், மகள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். பொறுப்பை ஒப்படைக்க ஆள் இல்லை. பிரசங்க மேடை இழுப்பறையில் ஒரு நோட்டு மட்டும் இருந்தது. முதல் பக்கத்தில் 'தினமும் ஜெபிக்க' என்ற தலைப்பு. அதன் கீழே இருபத்திமூன்று பெயர்கள். வேறு ஒரு சொல் இல்லை.

"பழைய சபை ஆளுங்க. இப்ப வர்றதை நிறுத்தியிருப்பாங்க. இவங்களைத்தான் திரும்பக் கொண்டு வரணும்," என்றார்.

"கடைக்காரம்மாகிட்ட காட்டி, யார் யாருன்னு கேட்டுட்டு வரட்டுமா?"

"சேச்சே. ஜெபப் பட்டியலை வெளியாளுக்குக் காட்டக் கூடாது. பயிற்சியில முதல் நாளே சொல்லிக் கொடுத்தது."

அந்த ஒரு விதியை அவர் மீறியிருக்கலாம். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு ஆறவில்லை.

ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினோம். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள், கூடத்துக்கு வாருங்கள் என்றதும் தரையைப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மணி அடிப்பார். முதல் பெஞ்சில் நான் ஒருத்தி. முழுப் பிரசங்கத்தையும் எனக்கே சொல்வார். மூன்றாவது ஞாயிறு, கடைசியாகக் கை உயர்த்திச் சொல்ல வேண்டிய ஆசீர்வாதத்தைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்கிவிட்டார்.

"கூட்டத்தை அனுப்பி வைக்கத்தானே ஆசீர்வாதம்? காலி பெஞ்சை எங்க அனுப்ப?"

அதன்பின் அவர் அதைச் சொல்லவே இல்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஆறாவது மாத முடிவுக்குள் பத்துப் பேராவது வராவிட்டால் அந்த இடத்தை மூடிவிட்டு, அவரை அலுவலகத்தில் கடிதம் பதியும் மேஜையில் உட்கார வைப்பார்கள். சின்ன வயசிலிருந்து அவர் கேட்டது இந்த ஒரு வேலைதான். மாத அறிக்கையில் 'வருகை' என்ற கட்டத்தில் பூஜ்யம் போடும்போதெல்லாம் பேனா காகிதத்தைக் கிழித்தது.

தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு நோட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போவார். நான் அடுப்படியிலிருந்து கேட்பேன். ஒவ்வொரு பெயராகச் சொல்லி, "இவரை இங்கே கொண்டுவாரும் ஆண்டவரே, இடம் வைத்திருக்கிறேன்" என்பார். முதலில் கெஞ்சலாக இருந்தது. போகப் போக அதட்டலாக ஆனது.

என் சண்டை தூசியோடு. காலையில் பெஞ்சுகளை ஈரத்துணியால் துடைப்பேன். மறுநாள் காலை பின்பக்கம் திரும்பவும் வெள்ளை.

"ஜன்னலைத் திறந்து போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நான் எங்கம்மா திறந்தேன்? நீயே போய்ப் பாரு."

பார்த்தேன். கொக்கி போட்டபடியே இருந்தது.

மேடையில் தூசி இல்லை. தரையில் இல்லை. கடைசிப் பெஞ்சில் மட்டும், ஓர் ஆள் உட்காரும் அகலத்துக்கு இரண்டு திட்டுகள். நடுவில் ஒரு சாண் சுத்தமான மரம்.

மறுநாள் மூன்று திட்டுகள்.

அடுத்த வாரம் அந்தப் பெஞ்சு நிறைந்து, அதற்கு முந்தின பெஞ்சில் ஒன்று.

துடைக்கும்போது துணி வழியாக என் விரலில் சூடு தட்டியது. ஒருவர் எழுந்து போன இடத்தில் உடனே உட்கார்ந்தால் தெரியுமே, அந்தச் சூடு. வெடிமருந்து வாசமும் வியர்வை வாசமும் கலந்து வந்தது.

அவரிடம் சொன்னேன். அவர் இருமிக்கொண்டிருந்தார். ஒரு மாதமாகவே அந்த இருமல்.

"குவாரிக் காத்து அப்படித்தான் வரும்," என்றார். ஆனால் முகத்தில் ஏதோ ஒரு வெளிச்சம் வந்து போனது. இரண்டு நாள் கழித்து மேஜையில் ஆறாவது மாத அறிக்கையைப் பார்த்தேன்.

வருகை: இருபத்திமூன்று.

நான் நோட்டை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கடைக்கு நடந்தேன். விதியாவது ஒன்றாவது.

கடைக்காரம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பட்டியலில் விரல் வைத்துப் படித்துக்கொண்டு வந்தாள். நான்காவது பெயரில் விரல் நின்றது.

"இது என் வீட்டுக்காரரு."

"எங்கே இருக்கார்?"

அவள் கிழக்கே கை காட்டினாள். "உள்ளதான். கல்லுக்கு அடியில. இருபத்திமூணு பேரும். ஒருத்தரையும் எடுக்க முடியல."

நாங்கள் வருவதற்கு எட்டு வருஷம் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் முடிவதற்குள் குவாரியில் சங்கு ஊதியிருக்கிறது. அவசரமாக லோடு ஏற்ற வேண்டுமாம். இருபத்திமூன்று ஆண்களும் பாதியில் எழுந்து போனார்கள். அரை மணி நேரத்தில் சரிவு இறங்கிவிட்டது.

"பழைய ஐயாவுக்கு அந்த ஒரு குறைதான். ஆசீர்வாதம் வாங்காமப் போயிட்டாங்களேன்னு. தினமும் பேரு சொல்லி, கடைசியில கையைத் தூக்கி அனுப்பி வைப்பாரு. நாங்க அந்தப் பக்கமே போறதில்லம்மா, மனசு தாங்காது." அவள் குரலைத் தாழ்த்தினாள். "உங்க வீட்டய்யாவும் அனுப்பி வைக்கிறாருல்ல?"

நான் ஓடினேன்.

ஐந்தரை ஆக ஐந்து நிமிஷம். அவர் கூடத்துக் கதவருகே நின்றிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதிர்ந்து போவார் என்று நினைத்தேன். கோபப்பட்டார்.

"ஆறு மாசம் வீடு வீடா அலைஞ்சேன். உயிரோட இருக்கறவன் ஒருத்தன் வந்தானா? கூப்பிட்டதும் வந்தது இவங்கதான். இவங்களையும் போகச் சொல்லணுமா நான்?"

"அவங்க போக முடியாம உட்கார்ந்திருக்காங்க. நீங்கதான் எழுந்திருக்க விடல."

"எனக்குன்னு வேற யார் இருக்கா, சொல்லு?"

"நான் இருக்கேங்க. முதல் பெஞ்சுல. இத்தனை வாரமா."

அவர் என்னிடமிருந்து நோட்டை வாங்கிக்கொண்டார். பிறகு கதவைத் தள்ளினார்.

வெயில் இன்னும் இறங்கவில்லை. அந்த வெளிச்சத்தில் பெஞ்சுகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. தூசி இப்போது இருக்கையில் மட்டும் இல்லை. சாய்மானத்தில் முதுகு அகலத்துக்கு, முன்பெஞ்சின் விளிம்பில் பிடித்த விரல்களின் அளவுக்கு.

அவர் மேடை ஏறினார். இரண்டு முறை கனைத்தார்.

பெஞ்சுகள் எல்லாம் ஒருசேரக் கிரீச்சிட்டன.

கூட்டம் எழுந்து நிற்கும் சத்தம்.

அவர் கையை உயர்த்தினார். "சமாதானத்தோடே..." என்றார். இருமல் மறித்தது. திரும்பவும், "சமாதானத்தோடே..." என்றார்.

போங்கள் என்ற கடைசிச் சொல் வரவில்லை. மேடைக் கட்டையைப் பிடித்தபடி சரிந்தார். நான் தாங்கிப் பிடித்தபோது அவர் உதட்டோரம் வெள்ளையாக இருந்தது. தொட்டுப் பார்த்தேன். நுரை இல்லை. பொடி.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கேட்டார்: "எத்தனை வருஷமா குவாரியில வேலை?"

"அவர் குவாரிக்குள்ள கால் வச்சதே இல்லை டாக்டர்."

"பொய் சொல்லாதீங்கம்மா. முப்பது வருஷம் கல்லுடைச்சவனுக்குத்தான் நுரையீரல் இப்படி இருக்கும்."

நான்காம் நாள் விடியும்போது போய்விட்டார்.

அடக்கம் முடிந்து, பெட்டி கட்ட அந்த வீட்டுக்குத் திரும்பினேன். கூடம் நிறைந்தே இருந்தது. அவர்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள் என்றுதான் எனக்குப் பட்டது. எங்கள் மிஷனில் பெண்கள் மேடை ஏறக் கூடாது. ஏறினேன். பெயர்களைப் படித்தேன். கையை உயர்த்தி, அவர் விட்ட சொல்லையும் சேர்த்துச் சொன்னேன்.

காலையில் இருபத்திமூன்று இடங்களும் துடைத்துவைத்ததுபோல் இருந்தன.

முதல் பெஞ்சில், என் இடத்துக்குப் பக்கத்தில் மட்டும், புதிதாக ஒரு திட்டு.

நான் அதைத் துடைக்கவில்லை. கையை உயர்த்தவும் இல்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு ரயிலேறினேன்.

பதினோரு வருஷம் ஆகிறது. திரும்பப் பள்ளிக்கூட வேலை. என் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு இரண்டு நாற்காலி. எதிர் நாற்காலியை நான் துடைப்பதில்லை. பார்க்க வருகிற தங்கை, "சாக்பீஸ் தூசியை வீடு வரைக்கும் கொண்டாந்துடறேக்கா," என்பாள். எட்டு மாதமாக எனக்கும் இருமல் இருக்கிறது. கைக்குட்டையை விரித்துப் பார்ப்பதில்லை.

ஒருவரைப் போக விடாமல் வைத்திருப்பது எவ்வளவு பெரிய தப்பு என்று நானே அவரிடம் சொன்னவள்தான். அதனால் நேற்று, அவர் நினைவு நாளில், துணிந்து மேஜை எதிரில் நின்றேன். கையை உயர்த்தினேன்.

"சமாதானத்தோடே..." என்றேன்.

எதிர் நாற்காலியிலிருந்து கனைப்பு கேட்டது. இரண்டு முறை.

கையை இறக்கிவிட்டேன்.

"பிரசங்கமா, சாப்பாடா?" என்று கேட்டேன்.