மூடிய பாத்திரத்தில் மூச்சு

காலை ஒன்பது மணிக்கு அவன் ஆய்வகத்துக்குள் நுழைந்தான். எட்டு மாதம் பூட்டிக் கிடந்த அறை. சுவரில் புதுப் பெயின்ட் வாசம். ஜன்னலுக்கு எதிரே, கூப்பிடு தூரத்தில் ரசாயனங்களைக் கலக்கும் ரியாக்டர் கூடம். அங்கே அவன் மச்சினன் ஆபரேட்டர். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான்.

மனைவி போன வருடம் இறந்தாள். கடைசியாக அவள் சொன்னது இரண்டே வார்த்தை. "தம்பியைப் பார்த்துக்கங்க."

கண்ணாடிச் சாமான் கழுவும் அக்கா வாசலைத் தாண்டவில்லை. டிரேயை வெளியே நின்றபடியே உள்ளே தள்ளினாள்.

"உள்ள வாங்கக்கா. கடிச்சா வச்சிடுவேன்?"

"நீ கடிக்க மாட்டே." அவள் குரலைத் தாழ்த்தினாள். "உனக்கு முன்னாடி இருந்தவன் ஈரம் கலந்த கரைப்பான் டிரம்ம நல்லாருக்குன்னு எழுதிக் கொடுத்தான். சோடியத்துல ஊத்தினதும் தண்ணி பட்டு வெடிச்சு, அப்ப இருந்த ஆபரேட்டர் உடம்பெல்லாம் தீ. எரிஞ்சுக்கிட்டே இங்கதான் ஓடி வந்தான். எழுதிக் கொடுத்தவன் பிடரியப் பிடிச்சு, அந்த மேசையிலயே, மூஞ்சின்னு ஒண்ணு இல்லாமப் போற வரைக்கும் மோதினான். அப்புறம் ரெண்டு பேரையும் பிரிச்செடுக்கவே முடியல."

போய்விட்டாள்.

கருவி சின்னது. இறுக மூடிய கண்ணாடிப் பாத்திரம், மஞ்சள் திரவம், உள்ளே சுழலும் காந்தக் குச்சி. மின்சாரம் பாய்ந்தால் அயோடின் உண்டாகும். அயோடின் தண்ணீரைத் தின்னும். செலவான மின்சாரத்தை வைத்துக் டிரம்மில் வரும் கரைப்பானில் எவ்வளவு ஈரம் என்று கருவி சொல்லிவிடும். எவ்வளவு மூடினாலும் வெளிக்காற்றின் ஈரம் கொஞ்சம் கசியும். நிமிடத்துக்கு இவ்வளவு என்று கருவி காட்டும் அந்தக் கசிவுக்கு டிரிஃப்ட் என்று பெயர். அது பத்துக்குக் கீழே இறங்கி நிலைத்த பிறகுதான் மாதிரியை ஊசியால் செலுத்த வேண்டும். டிரிஃப்டைக் கருவியே கழித்துக்கொள்ளும்.

அன்றைக்கு அது நிலைக்கவில்லை.

இருநூறு. பத்து. இருநூறு. பத்து.

ரப்பர் மூடியை மாற்றினான். மூட்டுகளில் கிரீஸ் தடவினான். எண் ஏறியது, இறங்கியது. நான்கு விநாடிக்கு ஒருமுறை, பிசகாமல். கசிவு இப்படித் தாளம் போடாது.

தன் நெஞ்சும் அதே தாளத்தில் ஏறி இறங்குவதை அவன் தாமதமாகத்தான் கவனித்தான்.

மூச்சு.

யாரோ அந்தப் பாத்திரத்துக்குள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

திரவத்தின் கந்தக நெடியோடு இன்னொரு வாடையும் கலந்து வந்தது. முடி பொசுங்கும் வாடை.

"என்னய்யா, தாலாட்டுப் பாடிட்டு உக்காந்திருக்கே?" இன்சார்ஜ் உள்ளே வந்தார். "அங்க டிரம் காத்துக் கிடக்குது."

சட்டென்று எண் மூன்றில் நின்றது. அசையவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் காத்திருப்பது போல.

அவன் மாதிரியைச் செலுத்தினான். ஈரம் ஐம்பதைத் தாண்டக் கூடாது. ஆயிரத்து நாற்பது காட்டியது.

"டிரம் ஈரம் சார். ஆகாது."

"டிரிஃப்ட் குதிச்சத நானும்தான் பார்த்தேன். மறுபடி போடு. டிரிஃப்ட் இருநூறுன்னு கையால அடி, அஞ்சு நிமிஷத்துக்கு ஆயிரம் கழிஞ்சு நாப்பதுல வந்து நிக்கும்."

"அது கழிக்கிறது இல்ல சார். மறைக்கிறது."

"ரொம்பப் படிச்சவன். எட்டு வருஷமா நான் இப்படித்தான் போடச் சொல்றேன்."

எண் மறுபடி ஏறத் தொடங்கியது. இப்போது தாளம் வேகமாக இருந்தது.

மேசையில் போன் அடித்தது. இன்சார்ஜ் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"மாமா, சோடியம் போட்டாச்சு. டிரம்ம ஏத்தட்டா?" மச்சினன் சிரித்தான். "முதல் நாளே தூக்கமா?"

"இரு மாப்ளே."

"அடிய்யா!" என்றார் இன்சார்ஜ்.

ஒரு வருடமாக அவன் யார் சொன்னாலும் செய்துகொண்டுதான் இருந்தான். விரல் தானாகப் போய் இருநூறின் முதல் இரண்டை அழுத்தியது.

பிடரியில் சூடு.

பிறகு விரல்கள்.

முகம் மேசையில் மோதியது. பல் உடையும் சத்தம் அவன் தலைக்குள் கேட்டது. நாற்காலியோடு சரிந்து விழுந்தான். அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை.

"வலிப்பா உனக்கு? சொல்லித் தொலைக்கிறதுதானே!" இன்சார்ஜ் அவனைக் காலால் ஒதுக்கினார். தானே ஊசியை எடுத்தார். இருநூறு அடித்தார். செலுத்தினார். நாற்பது வந்தது. போன் பக்கம் குனிந்தார்.

"ஏத்து."

அவர் தலை பின்னால் வளைந்தது. கழுத்துச் சதை ஐந்து இடத்தில் உள்ளே அமுங்கிப் புகைந்தது. தலை கீழே இறங்கியது. பாத்திரம் உடைந்தது. தலை எழும்பியபோது கன்னத்தில் கண்ணாடி நின்றது. மறுபடி இறங்கியது. மறுபடி. முதல் மூன்று தடவை கத்தினார். அப்புறம் சத்தம் ஈரமாக மட்டும் கேட்டது.

அவன் ரத்தத்தில் வழுக்கிக்கொண்டே தவழ்ந்து போனைப் பிடித்தான்.

"மாப்ளே! வால்வைத் தொடாதே! தொடாதே!"

போனில், தரையில் பூட்ஸ் இழுபடும் சத்தம். அதுவும் தூரமாகப் போய் நின்றது.

ஜன்னலைப் பார்த்தான். தீ இல்லை. புகை இல்லை. வெடிக்கவில்லை.

கதவு திறந்தது. மச்சினன் நின்றான். உயிரோடுதான் இருந்தான்.

"வால்வுல கை வச்சுட்டேன் மாமா. ஒருத்தர் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டாரு."

"யாருடா?"

மச்சினன் வலக்கையை நீட்டினான். மணிக்கட்டைச் சுற்றி ஐந்து இடத்தில் சதை பள்ளமாக அமுங்கியிருந்தது. ஓரங்களில் தோல் கொப்பளித்துக்கொண்டிருந்தது. அந்தக் கையைப் பிடித்தபடி யாரும் தெரியவில்லை.

"விடச் சொல்லுங்க மாமா," என்றான் மெதுவாக. "இன்னும் பிடிச்சுட்டுதான் இருக்காரு."