மழை நீலமான அன்று

தலைப்பிரட்டைகள் நனைந்துவிடக் கூடாது என்று கண்ணாடிப் புட்டியைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்ட பிறகுதான் அவளுக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீருக்குள் இருப்பவை இனி எங்கே நனைவது...

மழை அப்படிப் பெய்தது. யோசிக்க விடாத மழை. பூட்டிக் கிடந்த தையல் கடையின் தகரக் கூரைக்குக் கீழே அவள் ஒருத்திதான் நின்றாள். கூரை இரண்டு பேருக்கு மேல் இடம் தராது. அந்த இரண்டாவது இடத்துக்கு ஒருவன் ஓடி வந்தான். வந்த வேகத்தில் தலையை உதறினான். பாதி மழை அவள் முகத்தில் விழுந்தது.

அவள் முறைத்தாள். அந்த முறைப்பு அவனிடம் போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. மடிக்கணினிப் பையைச் சட்டைக்குள் திணித்து, திடீரென்று தொப்பை வளர்ந்தவனாக நின்றான்.

"ஸாரிங்க... ரொம்பத் தெறிச்சிடுச்சா?"

"இல்ல. கொஞ்சம் காஞ்ச இடம் மிச்சம் இருந்தது. அதையும் பார்த்துக்கிட்டீங்க."

அவன் சிரித்தான். அப்போதுதான் அந்தக் கண்களைக் கவனித்தாள். இமைகளில் நீர் கோத்திருந்தது. அவளைத்தான் பார்த்தான். ஆனால் அவளுக்கு ஒரு சாண் பின்னால் இருக்கும் வேறெதையோ பார்ப்பவன் போலவும் இருந்தான்... தூக்கத்திலிருந்து பாதி எழுந்து வந்த கண்கள்.

புட்டியைக் காட்டி, ஜாமா என்று கேட்டான்.

அவள் புட்டியைப் பார்த்தாள். உள்ளே கறுப்புத் தலைகள் வாலை ஆட்டிக்கொண்டு முட்டி மோதின. வம்புக்கு இழுக்கிறான் என்று நினைத்தாள். ஆமாம் என்றாள். வீட்டில் செய்ததா என்றான். குளத்தில் செய்தது என்றாள். அவன் மறுபடியும் சிரித்தான். சாலை முழுக்க ஓடிய தண்ணீரைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னான்.

"இன்னும் ஏதாவது திட்டுங்க. மழைச் சத்தத்தைவிட நல்லா இருக்கு."

அவள் திட்டினாள். பேருந்து நிறுத்தத்தைக் கடைக்கு எதிரே வைக்காமல் தள்ளி வைத்தவர்களை, வானிலை அறிக்கையை, குடை எடுத்து வராத மனிதர்களை. தன்னையும் சேர்த்துத்தான். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். பிறகு ஒரு பேருந்து வந்தது. அவன் ஓடி ஏறினான். பெயர் கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. மழை விட்டதும் அவளும் கிளம்பினாள்... கால்கள் மட்டும் கொஞ்சம் தாமதமாகப் புறப்பட்டன.

அவளுடைய அண்ணி ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பில் வேலை பார்ப்பவள். ஆட்களின் முகத்தைப் பார்த்தே எந்தப் பக்கப் பல் வலிக்கிறது என்று சொல்லிவிடுவாள். சொட்டச் சொட்ட வந்து நின்றவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"நனைஞ்சதுக்கு யாரும் இப்படிச் சிரிக்க மாட்டாங்களே."

"ஒண்ணுமில்ல அண்ணி."

"ஒண்ணுமில்லாததுக்கு என்ன உயரம் இருக்கும்?"

அவள் குளியலறைக்குள் ஓடினாள்.

மறுநாள் தொண்டை கட்டிக்கொண்டது. திங்கட்கிழமை பள்ளியில் அவள் வாயைத் திறந்தபோது காற்று மட்டும் வந்தது. ஏழாம் வகுப்புக்குத் தலைப்பிரட்டைகளை வைத்துச் சைகையிலேயே பாடம் நடத்தினாள். பிள்ளைகள் அவ்வளவு அமைதியாக ஒரு நாளும் இருந்ததில்லை.

அன்று மாலை ஆசிரியர்களுக்குப் பயிற்சி. பள்ளி புதிதாக வாங்கியிருந்த இணையக் கற்றல் தளத்தில் பாடங்களை ஏற்றியாகிவிட்டது. அதிலுள்ள செயல்பாட்டுக் கருவிகளைப் பயன்படுத்தத்தான் யாருக்கும் தெரியவில்லை. சொல்லித்தர வெளியிலிருந்து ஒருவர் வருகிறார் என்றார்கள்.

வந்தவன் அவன்தான்.

தடித்த கண்ணாடி போட்டிருந்தான். தலை வாரியிருந்தான். ஆனாலும் அவனேதான். ஒவ்வொருவராகப் பெயரும் பாடமும் சொல்லி வர, அவள் முறை வந்தது. தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். பக்கத்திலிருந்த கணக்கு ஆசிரியர் அவளுக்காக, அறிவியல், குரல் விடுமுறையில் இருக்கிறது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவன் அவளை நேராகப் பார்த்தான்... வெந்நீர் குடியுங்கள் என்றான். அடுத்தவரிடம் போய்விட்டான்.

அவ்வளவுதான். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. தகரக் கூரை, ஜாம், திட்டு எதுவுமே நடக்காததுபோல.

இரண்டு நாளில் எல்லோருக்கும் அவனைப் பிடித்துப்போயிற்று. எதைக் கேட்டாலும் ஒரே ஒரு கிளிக் என்பான். அதனால் பெயரே 'கிளிக் சார்' ஆகிவிட்டது. கருவிகளை அவன் மனிதர்களைப் போல அறிமுகப்படுத்தினான். வினாடி வினா என்பவர் கேள்வி மட்டும் கேட்பார். கலந்துரையாடல் களத்தில் கடைசி பெஞ்சுப் பிள்ளையும் வாயைத் திறக்கும், ஏனென்றால் அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒப்படைப்பு என்பது பிள்ளைகள் எழுதியதை வாங்கி வைத்துக்கொண்டு காத்திருக்கும், அதற்குப் பொறுமை அதிகம். அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டாள். அவன் சொல்லும்போது ஒரு கணினித் திரை கனவு காண்பதற்கான இடம்போல ஆகிவிடுகிறதே என்று வியந்தாள். வியந்ததற்காகத் தன் மேலேயே கோபப்பட்டாள்.

மூன்றாவது கருவியோ நான்காவதோ, சொற்களஞ்சியம். அதில் ஒரு சொல்லையும் அதன் விளக்கத்தையும் எழுதினால், பாடத்தில் அந்தச் சொல் வரும் இடமெல்லாம் தானாக நீல நிறமாகிவிடும். தொட்டால் விளக்கம் திறக்கும். ஆளுக்கொரு சொல் எழுதிப் பாருங்கள் என்றான். இது ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பு மட்டும்தான், பிள்ளைகள் பார்க்க முடியாது. எழுதியவர் பெயரும் பக்கத்தில் வராது. என்ன வேண்டுமானாலும் எழுதலாம்.

கணக்கு ஆசிரியர் 'வட்டம்' என்று எழுதினார். இசை ஆசிரியை 'மூச்சு'. அவள் விரல்கள் சற்று நேரம் விசைப்பலகைக்கு மேலே நின்றன. பிறகு எழுதின.

மழை: ஜாம் எது, தலைப்பிரட்டை எது என்று தெரியாத ஒருவனை நம்மோடு ஒரே கூரைக்குக் கீழே நிறுத்துவது. நாம் அவனை நினைத்துக்கொண்டே இருக்க, அவனை மட்டும் நம்மை மறக்க வைப்பது.

சேமித்தாள். நெஞ்சு லேசானது.

மறுநாள் காலை ஏழாம் வகுப்பு உட்கார்ந்திருந்த கணினி அறைக்குள் அவள் நுழைந்தபோது அறையே சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தது. நீர்ச் சுழற்சிப் பாடத்தில் 'மழை' என்ற சொல் நீலமாக இருந்தது. ஒரு சிறுமி அதைத் தொட்டுக் காட்டினாள். ஜாம். கூரை. எல்லாம்.

அந்தப் பாடத்தில் மட்டுமில்லை. ஒரு நகரத்தில் காலையில் எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தது என்ற கணக்கில் நீலம். செய்யுளில் நீலம். வரலாற்றில் ஓர் அரசன் மழையில் பின்வாங்கினான், அவனுக்கும் நீலம். பயிற்சி வகுப்புக்குள் அடைந்து கிடக்க வேண்டிய சொற்களஞ்சியம், தளம் முழுக்கக் கிளை விட்டிருந்தது. வட்டமும் மூச்சும்கூட நீலமாகத்தான் இருந்தன. அவற்றை யார் தொடப் போகிறார்கள்... மதியத்துக்குள் பிள்ளைகளின் கலந்துரையாடல் களத்தில் 'யார் அந்த ஜாம் அண்ணன்?' என்று ஒரு தலைப்பு ஓடத் தொடங்கியது. எழுதியது கணக்கு ஆசிரியர்தான் என்று பலர் சத்தியம் செய்தார்கள்.

தளம் முழுக்க இணைக்கும் அனுமதி நிர்வாகிக்கு மட்டுமே உண்டு. நிர்வாகி அவன். படித்துவிட்டு, வேடிக்கை பார்க்கத் திறந்துவிட்டிருக்கிறான். அவளுக்கு அப்படித்தான் தோன்றியது. மறந்தது போதாதென்று ஊரையே கூட்டிச் சிரிக்கிறான்... முறையிடுவதற்காக முதல்வரின் அறைக்குப் போனாள். குரல் அன்று காலைதான் திரும்பியிருந்தது. முதல் சொல்லை அவன் மேல் எறியலாம் என்றிருந்தாள்.

கதவு பாதி திறந்திருந்தது. அவன் உள்ளே நின்றுகொண்டிருந்தான்.

முதல்வர் அம்மாள் குரலை உயர்த்துபவர் இல்லை. தாழ்த்தும்போதுதான் பயப்பட வேண்டும். பெற்றோர் தொலைபேசியில் கேட்கிறார்கள், யார் எழுதியது என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

"தப்பு என்னோடது மேடம். அதை உருவாக்கும்போது தளம் முழுக்கன்னு இருந்த குறியை எடுக்க மறந்துட்டேன். இணைப்பை இப்பவே எடுத்துட்டேன்."

"எழுதினவங்களை உங்களால பார்க்க முடியுமில்ல?"

"முடியும். ஒரு கிளிக்தான். நான் பார்க்கல."

"ஏன்?"

"என்ன வேணா எழுதலாம், யாருன்னு தெரியாதுன்னு நான்தான் சொன்னேன் மேடம்."

அடுத்த பருவத்திலிருந்து அவனை நிரந்தரமாக வைத்துக்கொள்வதாக ஒரு பேச்சு இருந்தது. அதை மறந்துவிடலாம் என்றார் முதல்வர். வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்ததும் அவன் போகலாம். அவன் சரி என்றான்.

கொண்டுவந்த கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவள் திரும்பி நடந்தாள். அவன் படித்திருக்கிறான். ஜாம் என்று கேட்டவன் அவன்தானே... அந்தக் கூரைக்குக் கீழே நின்றவள் இந்தப் பள்ளியில்தான் இருக்கிறாள் என்று இப்போது அவனுக்குத் தெரியும். யாரென்று அறிய ஒரு கிளிக் போதும். அதைச் செய்யாமல் வேலையை விட்டுப் போகிறான்.

அன்று இரவுச் சாப்பாட்டில் எல்லாவற்றையும் அண்ணியிடம் கொட்டினாள். அண்ணி தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அப்ப நீ போய்ச் சொல்லு."

"நான் ஏன் சொல்லணும்? முகத்தைப் பார்த்தும் தெரியலேன்னா, அவர் மனசுல நான் இல்லேன்னுதானே அண்ணி அர்த்தம்?"

"தினமும் இருபது பேரைப் பார்க்கறேன். கன்னம் வீங்கிக் கிடக்கும், கேட்டா ஒண்ணுமில்லம்பாங்க. வாயைத் திறக்காம வலி தீர்ந்ததா ஒரு ஆளைக்கூட நான் பார்த்ததில்ல. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் நீ யார்கிட்ட கோபப்படப் போறே?"

அவள் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை ஆசிரியர்கள் கலைந்த பிறகு அவள் முதலில் முதல்வரின் அறைக்குப் போனாள். எழுதியது நான் என்றாள். பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் அப்படியே சொல்லிக்கொள்ளலாம், அதற்காக ஒருவருடைய வேலை போக வேண்டாம் என்றாள். விளக்கம் நன்றாகத்தான் இருக்கிறது, பாடத்திட்டத்தில்தான் இல்லை என்றார் முதல்வர். கிளிக் சாரின் விஷயத்தைத் திங்களன்று பேசலாம் என்றார்.

அங்கிருந்து கணினி அறைக்கு வந்தாள். ஜன்னல் வழியே மாலை வெயில் மேசைகள் மேல் சாய்ந்து கிடந்தது. தூசி பொன்னாகி மிதந்தது. அவன் அவளுக்கு முதுகைக் காட்டியபடி கேபிள்களைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"ஒரு கிளிக்தானே... ஏன் பார்க்கல?"

சுருட்டிய கை நின்றது. அவன் திரும்பினான். அவளைப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தான். கண்களை மூடிக்கொண்டான்.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"என்ன சொல்ல?"

"எதுவானாலும். திட்டினாக்கூடப் பரவாயில்ல."

கண்ணாடி இல்லாமல் அவனுக்குத் தன் விரல்கூடத் தெளிவாகத் தெரியாதாம். அன்று மழையில் கண்ணாடி பைக்குள் இருந்தது. அவளை ஒரு நிறமாகத்தான் பார்த்திருக்கிறான், புட்டியைக் கறுப்பாக ஏதோ ஒன்றாக. குரலை மட்டும்தான் முழுதாகக் கேட்டான். அந்தக் குரலோ வாரம் முழுவதும் அவன் முன்னால் வாயே திறக்கவில்லை. இதையெல்லாம் அவன் முன்னும் பின்னுமாகச் சொன்னான்.

"அன்னிக்கு அடுத்த ஸ்டாப்லயே இறங்கிட்டேன்" என்றான். "திரும்பி ஓடி வந்தேன். நீங்க இல்ல. அதுக்கப்புறம் தினமும் சாயங்காலம் அங்க போய் நின்னேன். முகம் தெரியாது, பேர் தெரியாது. போறவங்க வர்றவங்க பேசறதைக் கேட்டுக்கிட்டே நின்னேன். தையல்காரர் என்னை உள்ள கூப்பிட்டு, பேண்ட் தைக்கணுமான்னு கேட்டுட்டார்."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்போடு கண்ணும் நிறைந்தது.

"நான் எழுதினதைப் படிச்சதும் தெரிஞ்சிருக்குமே... அப்பவாவது பார்த்திருக்கலாமே?"

"கை மவுஸ் மேலதான் இருந்தது. ஆனா நீங்க கோபத்துல எழுதியிருந்தீங்க. கோபமா இருக்கறவங்க கதவை நானே திறந்துக்கிட்டு வரக் கூடாது. நீங்களா திறந்தா வரலாம்னு..." அவன் நிறுத்தினான். "திறக்காமலே போயிடுவீங்களோன்னு பயமாத்தான் இருந்தது."

வெயில் மேசையை விட்டுத் தரைக்கு இறங்கியது. எங்கோ ஒரு வகுப்பறைக் கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது. அவள் மேசை மேல் இருந்த கண்ணாடியை எடுத்தாள். துப்பட்டா நுனியால் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றுமில்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது.

"போட்டுக்குங்க" என்றாள். "நான் சொல்லப்போறதை முகத்தைப் பார்த்துக் கேக்கணும்."

அவன் போட்டுக்கொண்டான். அந்தக் கண்கள் இப்போது அவளுக்குப் பின்னால் எதையும் தேடவில்லை. அவளிடமே வந்து நின்றன. வாரம் முழுவதும் சேர்த்து வைத்த சொற்களெல்லாம் ஒரே நேரத்தில் அவளை விட்டு ஓடின... மிஞ்சியது மூன்றோ நான்கோதான்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. ரொம்ப."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சத்தம் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி முயன்றான். அவள் காத்திருந்தாள். அவளுக்கு அவசரமே இல்லை.

"இருங்க..." என்றான் கடைசியில், கம்மிய குரலில். "எனக்கும்னு சொல்லணும். சரியாச் சொல்லணும்."