வராத பேருந்து

திருச்சியின் எல்லா அரங்குகளிலும் 'வராத பேருந்து' கூட்டம் தாங்காமல் ஓடிக்கொண்டிருந்தது. படத்தில் சண்டை இல்லை, பாட்டு இல்லை. ஒரு கிழவர் ஒன்பது நிமிடம் நிறுத்தத்தில் நிற்பார்; பேருந்து வராது.

திரைக்காப்பு வந்தபின் நடந்த மாற்றம் இது. மாதச் சந்தா கட்டி அதை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால் எந்தப் படத்துக்கும் போகலாம். தனிச்செலவு இல்லையென்றதும் ஜனங்கள் திறந்திருந்த கதவுக்குள்ளெல்லாம் நுழைந்தார்கள்.

"மக்கள் ரசனை உயர்ந்துவிட்டது," என்று தொலைக்காட்சிதோறும் அறிவித்தார் இயக்குநர் மெய்யறிவன். பெயர் அவரே வைத்துக்கொண்டது.

அவர் மனைவி கலாவல்லிதான் படத்தொகுப்பாளர். அந்த ஒன்பது நிமிடத்தை வெட்டச் சொன்ன குற்றத்துக்காக அவள் பெயரைப் படத்திலிருந்து எடுத்துவிட்டார். அவள் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். இன்று அவரே அவளை அரங்குக்கு வலிய அழைத்து வந்திருந்தார்.

"ஜனங்களோட உக்காந்து பாரு. நான் சொன்னது தப்புன்னா உன் பேரைத் திரும்பப் போட்டுடறேன்."

இருவரும் காப்பையும் அரங்கில் எல்லோருக்கும் தரும் திரைக்கண்ணாடியையும் மாட்டிக்கொண்டார்கள். கிழவர் நிறுத்தத்துக்கு வந்தார். பேருந்தும் வந்தது. அதிலிருந்து ஓர் இளம்பெண் இறங்கினாள், மழை பிடித்தது, பாட்டு தொடங்கியது.

பாட்டு முடிந்த பிறகுதான் மெய்யறிவனுக்குச் சுயநினைவு வந்தது. அரங்கு மேலாளர் தேவசகாயத்தின் அறைக்கு ஓடினார்.

"யார்யா பஸ்ஸை வரவெச்சது?"

"யாரும் வரவெக்கல சார். காப்பு நாடியைப் பாக்கும். சலிச்சா அந்த இடத்தை எடுத்துட்டு, படத்துல நடிச்சவங்க முகத்தையே வெச்சு அவங்களுக்குப் பிடிச்சதைக் கண்ணாடில காட்டிடும். ஆட்டோக்காரங்களுக்கெல்லாம் அங்க ஒரு சண்டை வருது. நல்ல சண்டை."

"ஜனங்ககிட்ட சொல்லலையா?"

"எதுக்கு சார்? பெரிய படமெல்லாம் நமக்குப் புரியுதுன்னு சந்தோஷமா இருக்காங்க."

"துரோகம்யா இது. நான் எடுத்த படத்தை எனக்கே மாத்திக் காட்டியிருக்கீங்க."

"நாங்க என்ன சார் பண்றது? உங்க நாடி கேட்டுது."

படம் முடிந்து கூட்டம் கண்ணைத் துடைத்தபடி வெளியே வந்தது. கடைசியாகக் கலாவல்லி வந்தாள்.

"உனக்கும் பாட்டுதானே வந்துது?" மெய்யறிவனின் குரல் ஏறக்குறையக் கெஞ்சியது.

"இல்லீங்க. எனக்குக் கிழவர்தான். ஒன்பது நிமிஷமும் நின்னார், பஸ் வரல. எங்கே வெட்டலாம்னு பாத்துக்கிட்டே இருந்தேனா, சலிக்கவே இல்ல." கண்ணாடியை அவர் கையில் கொடுத்தாள். "பக்கத்து சீட்டுல ஒரு கால் விடாம தாளம் போட்டுச்சு. அது ஒண்ணுதான் தொந்தரவு."